பெரிய பிளேன் மொடலுக்கு வீட்டிலயே கண்ணாடிப் பெட்டி செய்யிறது எப்பிடி

1:100 ஸ்கேல்ல, அதாவது நிச அளவில நூறில ஒரு பங்கா, ஒரு போயிங் 747 மொடல் வாங்கி வச்சிருக்கிற ஆளுக்கு முதல் பிரச்சினை தூசி இல்ல, கதவு. ஃபர்னிச்சர் கடையள்ல விக்கிற ஷோகேஸ் எல்லாம் கப், சோசர், பீங்கான் வைக்கத்தான் செஞ்சது, முன்னுக்கு ரெண்டு கண்ணாடி ஒண்டுக்குப் பின்னால ஒண்டு சறுக்கும், அப்ப எவ்வளவு இழுத்தாலும் பாதி அகலந்தான் திறக்கும். 4 அடி ஷோகேஸ்ல வாசல் 2 அடி. 747-400ட செட்டை விரிப்பு நிசத்தில 64.4 மீற்றர், மொடல்ல 64 சென்ரிமீற்றர் சொச்சம், அது 2 அடியையும் தாண்டிப்போகுது. உள்ள இடம் தாராளமா கிடக்கும், ஆனா உள்ள கொண்டுபோக வழியில்ல. ரெண்டு கதவு வச்சு நடுவில தூண் நிக்கிற அலுமாரியும் இதே கதைதான். அதால பெட்டிட அளவை யோசிக்க முதல் அது எப்பிடித் திறக்கப்போகுது எண்டு முடிவெடுங்க. முன்பக்கம் முழுசா ஒரே கதவா திறக்கோணும், இல்லாட்டி மேல இருந்து மூடி மாதிரி முழுசா தூக்கி எடுக்கக்கூடியதா இருக்கோணும்.

இனி அளவு. பெட்டிக்குள்ள மூக்கு நேரா முன்னுக்குப் பாக்கிற மாதிரியோ பக்கவாட்டிலயோ வச்சுத்தான் எல்லாரும் கணக்குப் பாக்கிறது. 747-400 நீளம் 70.7 மீற்றர், அப்ப மொடலுக்கு 71க்கு 65 சென்ரிமீற்றர், சுத்திவர 3 சென்ரிமீற்றர் விட்டா ஆழம் 70க்கு மேல போயிடும். கொழும்பு வெள்ளவத்தை ஃபிளாட் ஹோல்ல அந்த ஆழத்தில ஒரு சாமான் வச்சா சோஃபாவுக்கு இடமில்ல. ஆனா பிளேனை மூலைவாட்டா, 45 பாகை திருப்பி வச்சுப் பாருங்க, 747 ஏறக்குறைய 60 சென்ரிமீற்றர் சதுரத்துக்குள்ள அடங்கிடும், ஏனெண்டா பிளேன் எண்டுறது ஒரு சிலுவை, சிலுவையைத் திருப்பினா அதிட நாலு முனையும் சதுரத்திட நாலு மூலைக்குப் போகுது. பாக்கிறதுக்கும் அதுதான் வடிவு, மூக்கும் தெரியும், பக்கத்தில எழுதியிருக்கிற எயார்லைன் பேரும் தெரியும், எஞ்சினும் தெரியும்.

இதை என்ட கணக்கை நம்பிச் செய்யவேணாம். பழைய பேப்பர் ரெண்டு மூண்டு தாளை ஒட்டி நிலத்தில விரிச்சு, அதுக்கு மேல மொடலை அதிட ஸ்டாண்டோட வச்சு, ஆராவது ஒராள் டோர்ச்சை நேர் மேல நல்ல உயரத்தில பிடிக்க நிழலைச் சுத்தி மாக்கரால கோடு போட்டு வெட்டுங்க. நிழல் எப்பவும் கொஞ்சம் பெருசாத்தான் விழும், அது நல்லதுக்குத்தான். அந்தப் பேப்பர் பிளேனை ஹோல்ல வைக்கப்போற இடத்திலயே போட்டுத் திருப்பித் திருப்பிப் பாத்தா எந்தக் கோணத்தில சின்னப் பெட்டி போதும் எண்டு 10 நிமிசத்தில விளங்கிடும். எயார்பஸ் ஏ380க்கு நீளம் 72.7, விரிப்பு 79.8 மீற்றர், அதுக்குத் திருப்பி வைக்கிறது இன்னும் லாபம். கொன்கோர்ட் மாதிரி ஒல்லியா நீண்டதுக்கு இந்த விளையாட்டு தேவையில்ல, 1:72ல அது 86 சென்ரிமீற்றர் நீளம் ஆனா செட்டை 36 தான், பக்கவாட்டா வச்சா பெட்டி ஒண்டரை அடி ஆழத்துக்குள்ள முடிஞ்சிடும். எயார் சிலோன் டகோட்டா பிளேன் 1:72ல விரிப்பே 40 சென்ரிமீற்றர் அளவுதான், அதுக்குக் கடை ஷோகேஸே காணும், இவ்வளவு பாடுபட வேணாம்.

சுவரில தட்டையா, பிளேனிட முதுகு எங்களைப் பாக்கிற மாதிரி வச்சு மேல கண்ணாடி போடுற ஆக்களும் இருக்கினம். 25 சென்ரிமீற்றர் ஆழத்தோட வேலை முடியும், உண்மைதான். எனக்கெண்டா அது பூச்சியைப் பிடிச்சுக் குத்தி வச்ச மாதிரி இருக்கு.

சரி, கண்ணாடியா, இல்லாட்டி கண்ணாடி மாதிரித் தெரியிற அக்ரிலிக் பிளாஸ்டிக்கா. 70க்கு 70, உயரம் 40 சென்ரிமீற்றர் எண்டு ஒரு தூக்குமூடி எடுத்துக்கொள்ளுங்க, அஞ்சு பக்கமும் சேர்த்து 1.6 சதுர மீற்றர் வரும். 5 மில்லிமீற்றர் கண்ணாடி ஒரு சதுர மீற்றர் 12.5 கிலோ, அப்ப மூடி மட்டும் 20 கிலோ, அதை ஒரு விலை கூடின மொடலுக்கு மேலால தூக்கிறதை நினைச்சாலே கை நடுங்கும். அதே தடிப்பு அக்ரிலிக் அரைவாசிக்கும் குறைவு, 10 கிலோவுக்குள்ள. அதால தூக்குமூடி எண்டா அக்ரிலிக், முன்கதவு வச்ச நிரந்தரப் பெட்டி எண்டா கண்ணாடி, இதுதான் என்ட கணக்கு. கண்ணாடி லேசில கீறுப்படாது, வளையாது, தூசியை இழுக்காது. அக்ரிலிக் துடைக்கத் துடைக்க மின் ஏறித் தூசியைத் தானே கூப்பிடும், உலர்ந்த துணியால தேய்க்காம ஈரமான மைக்ரோஃபைபர் துணியால மெல்லமா ஒற்றி எடுங்க. ஜன்னல் துடைக்கிற நீல ஸ்ப்ரே, ஸ்பிரிட் ரெண்டும் கிட்டவும் வரக்கூடாது, அமோனியாவும் அல்கஹோலும் பட்டா அக்ரிலிக்ல முடி மாதிரி வெடிப்பு விழும், லேசர்ல வெட்டின விளிம்பில இன்னும் கெதியா விழும். மூடியை நேம்போர்ட் செய்யிற கடையில குடுத்தா வெட்டி ஒட்டியே தருவாங்க. டெம்பர்ட் கண்ணாடி (சூடாக்கி உறுதியாக்கினது) எடுக்கிற ஆக்கள் ஹின்ஜ் ஓட்டை, பூட்டு ஓட்டை எல்லாம் முதலே அளந்து சொல்லிடுங்க, டெம்பர் பண்ணினதுக்குப் பிறகு அதை வெட்டவும் ஏலாது துளைக்கவும் ஏலாது, வெட்டப்போனா முழுசா நொறுங்கிடும்.

மூடியைத் தூக்க மேலயும் இடம் வேணும், பிளேனிட வால் தட்டாம எடுக்கிறதுக்கு குறைஞ்சது ஒண்டரை அடி. தூக்க முதல் சீலிங் ஃபேனை நிப்பாட்டுங்க, சொல்லத் தேவையில்ல எண்டு நினைக்காதீங்க.

அடிப்பாகத்துக்கு 18 மில்லிமீற்றர் பிளைவூட், 8க்கு 4 அடி ஷீட் ஒண்டு காணும். ஹார்ட்வெயார் சாமானுக்கு பழைய சோனகத் தெரு, லைட்டுக்கு புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெரு, மர வேலைக்கு மொறட்டுவ, இது கொழும்பில இருக்கிற எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். மரவேலை செய்யிற பாஸிட்டக் (தச்சரிட்ட) குடுத்துச் செய்யிறதெண்டா அந்தப் பேப்பர் பிளேனையும் கையோட கொண்டுபோங்க, அளவை வாயால சொன்னா அவர் ஒரு ஷோகேஸைத்தான் மனசில நினைப்பார். இன்னொண்டு, கீழ் கபினெட்டைக் கழட்டிப் பூட்டக்கூடிய மாதிரிக் கேளுங்க, லிஃப்ட்டையும் படிக்கட்டு வளைவையும் அளந்துபோட்டு ஓடர் குடுங்க. எம்டிஎஃப் (மரநாரை அமத்திச் செய்யிற பலகை) மலிவுதான், ஆனா எங்கட ஈரத்துக்கு ஊதும், அதோட அதில இருந்து ஃபோமல்டிஹைட் வாயு கசியும், மூடின பெட்டிக்குள்ள அது நல்லதில்ல. பிளைவூட்டிலயும் கொஞ்சம் இருக்கு, அதால வெட்டின விளிம்பு உட்பட எல்லாப் பக்கமும் பெயின்ற் அடிச்சு, மணம் முழுசா போகும் வரைக்கும் ஒரு ரெண்டு மூண்டு கிழமை திறந்து வச்சுட்டு அதுக்குப் பிறகுதான் பிளேனை ஏத்தோணும்.

சிலிக்கோன் வாங்கேக்க கொஞ்சம் கவனம். ஒட்டேக்க வினாகிரி மணம் வாற சிலிக்கோன் காயிற நேரம் அசெற்றிக் அமிலம் விடும், டை-காஸ்ட் (உலோகத்தை அச்சில வார்த்த) மொடல் எண்டா அந்த உலோகத்தை அது அரிக்கும். நியூட்ரல் எண்டு ரியூப்பில எழுதியிருக்கிறதைக் கேட்டு எடுங்க. கடற்கரைப் பக்கம் இருக்கிற ஆக்கள் ஹின்ஜ், ஸ்குரூ எல்லாம் ஸ்டெயின்லெஸ் இல்லாட்டி பித்தளையில போடுங்க, மரைன் டிரைவ் உப்புக் காத்துக்கு சாதாரண இரும்பு ஒரு மழைக்காலம் தாண்டாது. கதவு பொருந்திற இடம் முழுக்க மெல்லிய ஃபோம் பட்டி ஒட்டினா தூசி நிண்டுடும்.

வைக்கிற இடத்தில நேர் வெயில் படக்கூடாது. ஜன்னல் கண்ணாடி யூவியை (புற ஊதாக் கதிரை) முழுசா தடுக்கிறதில்ல, வெள்ளை பெயின்ற் மஞ்சளாகும், மேல ஒட்டின டெக்கால் ஸ்டிக்கர் மங்கும், பழைய எயார் லங்கா ட்ரைஸ்டார் வச்சிருக்கிற ஆளுக்கு வாலில இருக்கிற சிவப்பு மங்கினா மனம் தாங்காது. பெட்டிக்குள்ள 12 வோல்ட் எல்ஈடி பட்டி போடுங்க, 4000 கெல்வின் அளவு வெளிச்சத்தில லிவரியிட (எயார்லைன் பெயின்றிட) நிறம் இயல்பாத் தெரியும், நீலம் கலந்த வெள்ளை போட்டா எல்லாம் ஆஸ்பத்திரி மாதிரித் தெரியும். 230 வோல்ட்டை 12 ஆக்கிற டிரைவர் பெட்டிக்கு வெளியில, கீழ் கபினெட்டுக்குப் பின்னால இருக்கட்டும், சூடு உள்ள வேணாம்.

ரயில் பாதைக்குக் கிட்ட இருக்கிற ஃபிளாட்டுக்கு ஒரு விசயம். பம்பலப்பிட்டி, வெள்ளவத்தைப் பக்கம் ட்ரெயின் போகேக்க வீடு அதிரும், வழுவழுப்பான தட்டில நிக்கிற ஸ்டாண்ட் நாளாக நாளாக மெல்ல நகரும், ஒருநாள் செட்டை கண்ணாடியில முட்டி நிக்கும். ஸ்டாண்டுக்கு அடியில ஃபெல்ட் துண்டு ஒட்டுங்க, பாரமான மொடல் எண்டா ஸ்டாண்டையே பலகையோட ஸ்குரூ பண்ணுங்க. மெத்தெண்ட ரப்பர், மென்மையான பிவிசி பாட் பிளேன்ல முட்டுற இடத்தில வைக்காதீங்க, அதில இருக்கிற பிளாஸ்டிசைஸர் (அதை மென்மையாக்கப் போடுற ரசாயனம்) மொடல் பிளாஸ்டிக்கையும் பெயின்றையும் பிசுபிசுப்பாக்கும்.

ஈரத்துக்கு உள்ள ஒரு மூலையில ஈரப்பதம் காட்டுற சின்ன ஹைக்ரோமீற்றரும், அடித்தட்டில ஓட்டை போட்டு அதுக்குக் கீழ ஒரு இழுப்பறையில ஈரத்தை உறிஞ்சிற சிலிக்கா ஜெல் அரைக் கிலோவும் வையுங்க. இழுப்பறை கீழ இருந்தா ஜெல் மாத்த பிளேனைத் தொடத் தேவையில்ல, இதை முதலே பிளான்ல போடுங்க. நிறம் மாறின ஜெல்லை 110, 120 பாகை ஓவன்ல ரெண்டு மூண்டு மணித்தியாலம் காயவச்சா திரும்பப் பாவிக்கலாம். ஈரப்பதம் 50 வீதத்துக்குக் கிட்ட நிண்டா நல்லம், 70ஐத் தாண்டினா பூஞ்சணம் பிடிக்கத் தொடங்கும்.

கீழ் கபினெட்டில மொடலிட ஒரிஜினல் பெட்டியளை வச்சுக்கொள்ளுங்க, விக்கேக்க பெட்டி இல்லாட்டி விலை விழும், வீடு மாறேக்க அது இல்லாட்டி செட்டையே விழும். அலுமாரி எண்டவுடன வீட்டில ஆராவது பூச்சி உருண்டை போட வருவினம், அதை மட்டும் விடாதீங்க, நப்தலின் ஆவிக்கு பொலிஸ்டைரீன் இளகும், கிட் மொடல் எல்லாம் பெரும்பாலும் அந்தப் பிளாஸ்டிக்தான்.