கோடை முகாம் முடிந்தது, புத்தகம் வெளியே போகவில்லை

எங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் வாசகர் வட்டம் முதன்முதலாக நடத்திய கோடை முகாமுக்கு ஐம்பது பிள்ளைகள் வந்தார்கள். ஐந்து நாள். ஓவியம், பாட்டு, காகித மடிப்பு, மாறுவேடம், கடைசி நாள் சான்றிதழ். எல்லாம் முடிந்து நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது நூலகர் இரவல் பதிவேட்டை என் பக்கம் திருப்பி வைத்தார். அந்த ஐந்து நாளில் சிறுவர் பகுதியிலிருந்து வீட்டுக்குப் போன புத்தகங்கள் நான்கு. அவற்றில் இரண்டு அவருடைய மகள் எடுத்தவை. அவர் ஒன்றும் சொல்லவில்லை. பதிவேட்டை மூடிவிட்டு மின்விசிறியை நிறுத்தப் போனார்.

அதற்குப் பிறகும் விடுமுறைக்கும் பண்டிகைக்கும் ஏதாவது நடத்திக்கொண்டுதான் இருக்கிறோம். இந்த வேலையில் செய்யக்கூடிய தவறுகளில் பெரும்பாலானவற்றை எங்கள் செலவிலேயே செய்து பார்த்தாகிவிட்டது. இந்த ஆண்டு புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு அவை பயன்படட்டும்.

நாள் குறிப்பதிலேயே முதல் சறுக்கல். கிளை நூலகங்களுக்கு வார விடுமுறை வெள்ளிக்கிழமை. ஞாயிறு விடுமுறையில் வளர்ந்தவர்களுக்கு இது மனதில் நிற்பதே இல்லை. இரண்டாம் சனிக்கிழமையும் பூட்டுதான். ஒருமுறை வெள்ளிக்கிழமை என்று நோட்டீஸ் அடித்துவிட்டு, முந்நூறு நோட்டீஸிலும் பேனாவால் கிழமையைத் திருத்தினோம். பொங்கல், ஆயுத பூஜை, கிறிஸ்துமஸ் போன்ற அரசு விடுமுறை நாட்களிலும் கதவு திறக்காது. பண்டிகை நிகழ்ச்சி என்றால் விடுமுறைக்கு முன்னாலோ பின்னாலோதான் வைக்க முடியும். அதில் நட்டமில்லை. விஜயதசமியில் பிள்ளையைப் பள்ளியில் சேர்த்த பெற்றோரை மறுநாள் காலையில் நூலகத்துக்கு அழைத்தால், அந்த உற்சாகத்திலேயே உறுப்பினர் படிவத்தையும் நிரப்பிக் கொடுத்துவிடுகிறார்கள். நவராத்திரியை ஒட்டிக் காலாண்டு விடுமுறையும், கிறிஸ்துமஸை ஒட்டி அரையாண்டு விடுமுறையும் வருவதால் பிள்ளைகளும் ஊரில் இருப்பார்கள்.

கோடைக்குக் கணக்கு வேறு. கத்திரி வெயில் மே 4 முதல் 28 வரை. காலை பத்து முதல் ஒரு மணி வரை என்று அறிவிப்பது நமக்கு வசதியாக இருக்கலாம். ஒரு மணிக்கு வெறுங்காலோடு வீட்டுக்கு நடப்பது ஏழு வயதுப் பிள்ளை. நூலகம் திறந்தவுடன் தொடங்கிப் பதினொரு மணிக்குள் முடித்துவிடுங்கள். இல்லையென்றால் மாலை நாலரைக்கு மேல் வையுங்கள். தொடர்ந்து பத்து நாள் முகாம் என்பதும் வேண்டாம். மே மாதத்தில் பாதிப் பிள்ளைகள் ஆச்சி வீட்டுக்கும் அத்தை வீட்டுக்கும் போய்விடுவார்கள். முதல் நாள் ஐம்பது பேர், ஏழாம் நாள் பதினொரு பேர் என்றால் நடத்துகிறவர்களுக்கே சோர்வு வந்துவிடும். வாரத்துக்கு இரண்டு நாள், ஒவ்வொரு நாளும் தனியாக நிற்கக்கூடிய நிகழ்ச்சி என்று வைத்தால் நடுவில் வருகிற பிள்ளைக்கும் இடம் இருக்கும்.

ஊருக்குப் போகிற பிள்ளையின் கையில் புத்தகம் கொடுக்கலாமா என்ற தயக்கம் எங்களுக்கும் இருந்தது. தவணைக்குள் திரும்பாது, அபராதம் வரும், பெற்றோர் கோபிப்பார்கள். நூலகரிடம் முன்கூட்டியே பேசி, இரவலை நீட்டித்துத் தர வழி உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள். ரயிலில் படித்த புத்தகத்தை யாரும் மறப்பதில்லை.

அடுத்தது, ஏற்கெனவே உள்ளே உட்கார்ந்திருப்பவர்களைக் கணக்கில் எடுக்காமல் விடுவது. இன்றைக்கு எந்தக் கிளை நூலகத்துக்குள் போனாலும் வாசிப்பு மேசைகளை நிறைத்திருப்பவர்கள் போட்டித் தேர்வுக்குப் படிக்கும் இளைஞர்கள். குரூப் 4, காவலர் தேர்வு, ஆசிரியர் தேர்வு என்று காலையில் வந்தால் இரவுதான் எழுவார்கள். வீட்டில் மேசை இல்லாதவர்கள், தண்ணீர் பாட்டிலும் சாப்பாட்டு டப்பாவுமாக வருகிறவர்கள். அவர்கள் நடுவில் நாற்பது பிள்ளைகளை விட்டுக் கைதட்டிப் பாடச் சொன்னோம். ஒரு பெண் புத்தகத்தை மூடிவிட்டு எழுந்து வெளியே படிக்கட்டில் போய் உட்கார்ந்தார். அவருக்கு அடுத்த வாரம் தேர்வு என்று பின்னால் தெரிந்தது. நூலகத்தில் கூட்டம் சேர்த்துவிட்டோம் என்று நாங்கள் பூரித்துக்கொண்டிருந்த நேரம் அது.

இப்போது ஒரு வாரம் முன்பே நாளையும் நேரத்தையும் எழுதி வாசலில் ஒட்டிவிடுகிறோம். சத்தம் வரும் வேலையெல்லாம் வேப்பமரத்தடியில். அந்த இளைஞர்களில் யாருக்காவது அரை மணி நேரம் ஒதுக்க முடியுமா என்றும் கேட்போம். கேட்டால் வருகிறார்கள். நாள் முழுக்க நடப்பு நிகழ்வுகளை மனப்பாடம் செய்கிறவருக்கு, ஒரு முயல் கதையை உரக்கப் படிப்பது பெரிய ஆறுதல் போலிருக்கிறது.

மேடையைப் பற்றி நான் கொஞ்சம் கடுமையாகத்தான் பேசுவேன். ஒரு விழாவில் பிள்ளைகள் பத்து மணிக்கே வந்து சம்மணமிட்டு உட்கார்ந்துவிட்டார்கள். சிறப்பு விருந்தினர் வந்தது பதினொன்றரைக்கு. குத்துவிளக்கு, தமிழ்த்தாய் வாழ்த்து, வரவேற்புரை, முன்னிலை, தலைமையுரை, ஆறு பேருக்குப் பொன்னாடை, ஆறு படம். விருந்தினர் நல்லவர், வாசிப்பின் அவசியத்தைப் பற்றி நாற்பது நிமிடம் பேசினார். முன்வரிசைச் சிறுவன் ஒருவன் தன் சட்டைப் பொத்தானை முழுதாகத் திருகி எடுத்துவிட்டான். கதை சொல்ல வந்திருந்தவருக்குப் பத்து நிமிடம் மிஞ்சியது. சீர்காழியில் பிறந்து உலக நூலகவியலுக்கே விதி வகுத்த எஸ்.ஆர். ரங்கநாதன் 1931இல் வெளியிட்ட ஐந்து விதிகளில் நான்காவது, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்பது. அவர் படத்துக்கு மாலை போட்ட அதே மேடையில்தான் இத்தனையும் நடந்தது.

விருந்தினரை அழைக்கவே கூடாது என்று சொல்லவில்லை. அழைத்தால் அவர் கையில் ஒரு சிறுவர் புத்தகத்தைக் கொடுத்துப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து படிக்கச் சொல்லுங்கள். ஒப்புக்கொள்கிறவர் வரட்டும். பொன்னாடைக்கும் கேடயத்துக்கும் ஒதுக்கிய பணத்தைப் பிள்ளைகளின் காப்புத் தொகைக்கும் சந்தாவுக்கும் கட்டிவிடலாம். அது சிறு தொகைதான், ஆனால் மூன்று பிள்ளைகள் உள்ள வீட்டில் அதற்கும் யோசிப்பார்கள். முகாமுக்குக் கட்டணம் வசூலிக்கும் யோசனை எழுந்தால் ஒன்றை நினைவில் வையுங்கள்: தமிழ்நாட்டில் வீட்டு வரியில் ரூபாய்க்கு 10 காசு நூலக வரியாகச் சேர்கிறது. ஊர் ஏற்கெனவே பணம் கட்டியிருக்கிறது.

போட்டிகளையும் நான் ஆதரிப்பதில்லை. ஓவியப் போட்டி, குறள் ஒப்புவித்தல், பேச்சுப் போட்டி என்று எதை வைத்தாலும் பள்ளியில் பரிசு வாங்குகிற அதே நான்கு பேர் இங்கேயும் வாங்கிப் போகிறார்கள். மற்றவர்களுக்கு நூலகமும் தோற்றுப்போகிற இன்னோர் இடம் ஆகிவிடுகிறது. பரிசு எவர்சில்வர் தட்டு அல்லது டிபன் பாக்ஸ் என்றால் கேட்கவே வேண்டாம். முகாமைக் கையெழுத்துப் பயிற்சி, அபாகஸ், ஆங்கிலப் பேச்சு என்று டியூஷன் ஆக்குவதும் இதே வகைதான்.

புத்தகத்தை அலங்காரப் பொருளாக்கும் தவறு தனியாகச் சொல்ல வேண்டியது. நவராத்திரிக்குப் புத்தகக் கொலு வைத்தோம். மேசைகளை அடுக்கி, வேட்டி விரித்து, ஏழு படி. கீழே கலைக்களஞ்சியத் தொகுதிகள், மேலே போகப் போகச் சிறிய நூல்கள். பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஏழு வயதிருக்கும் ஒரு பெண், நாலாம் படியில் அட்டையில் யானை போட்ட படக்கதையைக் காட்டி, “மாமா, அதை எடுக்கலாமா?” என்று கேட்டாள். “தொடாதே அம்மா, வரிசை சரிந்துவிடும்” என்று சொன்னது நான்தான். அவள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு சிறிது நேரம் பார்த்துவிட்டுப் போனாள். சரஸ்வதி பூஜை அன்று புத்தகத்தைப் பிரிக்கக் கூடாது என்று வீட்டில் சொல்வார்கள், ஒரு நாளோடு முடிந்துவிடும். நாங்கள் ஒன்பது நாள் பிரிக்க விடவில்லை.

மறு ஆண்டு கொலுவின் விதியை மாற்றினோம். எந்தப் படியிலிருந்தும் எடுக்கலாம், பதிவேட்டில் எழுதிவிட்டு வீட்டுக்குக் கொண்டுபோகலாம். மூன்றாம் நாளே படிகளில் இடைவெளி விழுந்தது. கடைசி நாள் மேல் மூன்று படிகளில் வேட்டி மட்டும் தெரிந்தது. சுண்டலை எல்லாம் முடிந்த பிறகு வாசலுக்கு வெளியே கொடுத்தோம், கை கழுவக் குழாய் பக்கத்திலேயே இருக்கிறது. எண்ணெய்க் கை பட்ட பக்கம் எந்தப் புத்தகத்தில் இருக்கிறது என்று நூலகருக்கு மனப்பாடம். ஒரு சொல் கூடுதலாக: அரசு நூலகம் எல்லா வீட்டுப் பிள்ளைகளுக்கும் உரியது. கொலு வைத்தால் ரம்ஜானுக்கும் கிறிஸ்துமஸுக்கும் அதே அளவு சிரத்தை வேண்டும்.

போகி வந்தால் பழைய புத்தகத்தை எரிக்காமல் நூலகத்துக்குத் தாருங்கள் என்று கேட்பது நல்ல எண்ணம். எவை வேண்டும் என்று சொல்லாமல் கேட்டால் என்ன வரும் தெரியுமா? பழைய பாடத்திட்டத்து வினா-விடைக் கையேடுகள், அட்டை போன வார இதழ்கள், பஞ்சாங்கம், ஒரு கட்டு முழுக்கக் கல்யாணப் பத்திரிகை. பதினான்கு சாக்கு சேர்ந்தது, தேறியது ஒன்றரை. மீதியை எடைக்குப் போட்டதைப் பார்த்துக் கொடுத்தவர்களில் ஒருவருக்கு மனவருத்தம். கிளை நூலகங்கள் பலவற்றில் எல்லா வேலைக்கும் ஒரே ஆள்தான் என்பதை மறந்துவிட்டு நாம் உற்சாகப்படுகிறோம். சிறுவர் நூல், கதை, கவிதை, கிழியாதது, வீட்டுக்கு ஐந்துக்குள் என்று நோட்டீஸிலேயே எழுதிவிடுங்கள்.

கதை நேரத்தில் நடக்கும் தவறுகள் சிறியவை, ஆனால் எல்லாவற்றையும் கெடுப்பவை. நான்கு வயதையும் பதின்மூன்று வயதையும் ஒரே பாயில் உட்கார வைக்காதீர்கள். நாற்காலியில் உட்கார்ந்து புத்தகத்தை நம் முகத்துக்கு நேரே பிடித்துப் படித்தால் பிள்ளைகளுக்குத் தெரிவது பின்னட்டைதான். தரையில் உட்கார்ந்து, புத்தகத்தை அவர்கள் பக்கம் திருப்பி, ஓரமாகத் தலையைச் சாய்த்துப் படிக்கப் பழக வேண்டும். கழுத்து வலிக்கும். பக்கத்தைத் திருப்புமுன் ஒரு கணம் நிறுத்துங்கள். அந்த மௌனத்தில் யாராவது ஒருவன், “பூனை கிணற்றுக்குள் விழப் போகிறது!” என்று கத்துவான், இன்னொருத்தி இல்லை என்பாள். அது நடக்கட்டும். கதை முடிந்ததும் “இதிலிருந்து என்ன நீதி தெரிகிறது?” என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். கேட்ட மறுநொடி முகங்கள் எல்லாம் வகுப்பறை முகங்களாகிவிடும். படித்த புத்தகத்தை அங்கேயே தரையில் வைத்துவிட்டு நீங்கள் எழுந்து போய்விடுங்கள். பின்னால் திரும்பிப் பார்த்தால் ஐந்து கைகள் அதைப் பிடித்து இழுத்துக்கொண்டிருக்கும்.

இடம் போதாது என்று கைவிடவும் வேண்டாம். 1931இல் மன்னார்குடி வட்டாரத்தில் மாட்டுவண்டியில் ஏறி நூலகம் ஊர் ஊராகப் போயிருக்கிறது. ஒரு பெட்டியில் நாற்பது புத்தகத்தை எடுத்துக்கொண்டு மாலையில் தெருமுனைக் கோயில் மண்டபத்துக்கோ மசூதிக்குப் பக்கத்துத் திண்ணைக்கோ போக நமக்கு மாடுகூட வேண்டாம், சைக்கிள் போதும்.

பாதுகாப்பில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். பெற்றோரின் தொலைபேசி எண், அழைத்துப் போக வருகிறவர் யார் என்ற குறிப்பு, எப்போதும் பெரியவர்கள் இரண்டு பேர். கழிப்பறையின் சாவி யாரிடம் என்பதை முதல் நாளே கேட்டு வாங்குங்கள். பிள்ளைகளின் படத்தைப் பெயரோடு வாட்ஸ்அப்பில் போடுமுன் வீட்டில் கேளுங்கள்.

முகாமின் முதல் நாளிலேயே உறுப்பினர் படிவத்தைக் கொடுத்துவிட வேண்டும். கடைசி நாள் என்று வைத்திருந்தால் முகவரிச் சான்று வீட்டில் இருக்கும், அப்பா வேலையில் இருப்பார், பள்ளி திறந்துவிடும். இன்னொரு பழக்கமும் உண்டு: பிள்ளைகள் கேட்டு இல்லாமல்போன புத்தகங்களை ஒரு நோட்டில் எழுதி, ஜூன் பிறந்ததும் நூலகரிடம் கொடுப்போம். சென்ற ஆண்டுப் பட்டியலில் முதலிடம் பேய்க்கதைக்கு, ஒன்பது பேர் கேட்டிருந்தார்கள். எங்கள் நூலகத்தில் சிறுவருக்கான பேய்க்கதை ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது, அதிலும் கடைசிப் பக்கம் இல்லை.