விம்பிள் இருக்க துப்பட்டா எதற்கு?

இடைக்கால ஐரோப்பிய உடை தைக்க ஆசை. ஆனால் தலையும் கழுத்தும் மறைந்திருக்க வேண்டும். இப்படி நினைக்கும் பெண்கள் பலரும் முதலில் மனம் பறிகொடுப்பது, நெஞ்சு வரை இறங்கிய கழுத்துள்ள கவுனிடமும் உயரமான கூம்புத் தொப்பியிடமும்தான். தைத்து முடித்த பிறகு, அதை எதைக் கொண்டு மூடுவது என்று தவிப்பார்கள். கடைசியில் ஒரு துப்பட்டா வந்து சேரும். கழுத்தை மறைக்க விம்பிள் என்றொரு துணி இடைக்கால உடையிலேயே இருக்க, இது வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதை.

அந்தக் கூம்புத் தொப்பி 15ஆம் நூற்றாண்டுச் சீமாட்டிகளின் மோகம். இருநூறு ஆண்டு பின்னால் போங்கள். மறைப்பதே அன்று வழக்கமான உடை. ஜெர்மனியின் நவும்பர்க் பேராலயத்தில், 1250 வாக்கில் செதுக்கிய, உத்தா என்ற சீமாட்டியின் சிலை நிற்கிறது. தாடையைச் சுற்றி ஒரு துணிப்பட்டை, கன்னம் வரை தூக்கிப் பிடித்த மேலங்கி. தெரிவது முகம் மட்டும். (உத்தா 11ஆம் நூற்றாண்டுக்காரி. சிற்பியோ தன் காலத்து உடையை அணிவித்துவிட்டார். நூற்றாண்டைக் கலக்கும் தவறு நமக்கு மட்டும் உரியதல்ல.)

அந்தக் காலத்துக் கழுத்து மறைப்புதான் விம்பிள். நீள்சதுர வெள்ளை லினன் துணியை மோவாய்க்குக் கீழே கொடுத்து, இருபுறமும் காதுக்கு மேலே ஏற்றிக் குத்துவது. அதன் மேல் முக்காடு. இதில் நேரும் பெரிய தவறு, துணியை நேரே முடியில் குத்துவது. அரை மணியில் எல்லாம் பின்னால் சரிந்துவிடும். முதலில் தலையைச் சுற்றி இறுக்கமாக ஒரு லினன் பட்டை, அல்லது உள்தொப்பி வேண்டும். ஸ்வீடனின் புனித பிரிஜித்தாவுடையது என்று சொல்லப்படும் அத்தகைய லினன் தொப்பி ஒன்று நெதர்லாந்தில் இன்றும் இருக்கிறது. பட்டையிலோ தொப்பியிலோதான் குண்டூசி பிடிக்க வேண்டும். ஊசி தெரிந்துவிடுமே என்று வெட்கப்பட வேண்டாம். 1440 வாக்கில் ரோகியர் வான் டெர் வெய்டன் தீட்டிய பெண்ணின் முக்காட்டில் ஊசி அப்பட்டமாகத் தெரிகிறது.

சாட்டின், பாலியஸ்டர் ஷிஃபான் வேண்டவே வேண்டாம். வழுக்கும், வியர்வையை உறிஞ்சாது. லினன் லினனைப் பற்றிக்கொள்ளும். அடிக்கடி துவைக்க முடியாத கம்பளி உடையை வியர்வையிலிருந்து காத்ததும் லினன்தான். ஆகவே கழுத்தை ஏற்ற வேண்டுமானால் மேலங்கியில் கை வைக்காதீர்கள், உள்ளே அணியும் லினன் அங்கியின் கழுத்தை ஏற்றுங்கள். மேலங்கியில் ஒட்டுப்போட்டால் அதன் வெட்டே கெட்டு, தோளில் சுருக்கம் விழும்.

கன்னியாஸ்திரி போல ஆகிவிடுமோ என்று சிலர் அஞ்சுவார்கள். உண்மையில் நாகரிகம் மாறிய பிறகும் விம்பிளை விடாமல் வைத்துக்கொண்டவர்கள் கன்னியர்கள். அதனால்தான் நமக்கு அந்த நினைவு. கறுப்பு முக்காட்டைத் தவிர்த்து, மஞ்சிட்டி வேரின் சிவப்பிலோ அவுரியின் நீலத்திலோ கவுன் தைத்தால் அந்தச் சாயல் போய்விடும்.

விம்பிளைக் குத்தும்போது வாயை மூடிக்கொண்டு நிற்காதீர்கள். நன்றாகத் திறந்து ஒரு கொட்டாவி விட்டு, அந்த அளவுக்குத் தளர்த்திக் குத்துங்கள். இல்லையென்றால் விருந்தில் முதல் கவளத்திலேயே ஊசி கழன்று சூப்பில் விழும்.