ஷெங்கன் 90 நாள் கணக்கு: இரண்டாம் பயணத்துக்குத் தேதி போடுவது எப்படி?

மலேசிய, சிங்கப்பூர் கடப்பிதழ்காரர்கள் ஷெங்கன் நாடுகள் (தங்களுக்குள் எல்லைச் சோதனை வைக்காத ஐரோப்பிய நாடுகள்) 29-க்கும் விசா இல்லாமலே சுற்றுலா போகலாம். எந்த 180 நாளை எடுத்தாலும் அதற்குள் 90 நாளுக்கு மேல் தங்கக் கூடாது. ஜெர்மனியில் இருக்கும் அக்காவிடம் அம்மா ஒரே ஆண்டில் இரண்டு முறை போய்வர நான்தான் தேதி போட்டுக் கொடுத்தேன். அந்த முறை இதுதான்.

1. பழைய பயணத் தேதிகளை எழுதிக்கொள்ளுங்கள். இறங்கிய நாளும் கிளம்பிய நாளும் கணக்கில் சேரும். பாரிஸில் 10, ரோமில் 10 என்றால் மொத்தம் 20.

2. பலர் தடுமாறுவது இங்கேதான். அந்த 180 நாள் ஜனவரியிலும் தொடங்காது, முதன்முதலில் இறங்கிய நாளிலும் தொடங்காது. அங்கே தங்கும் ஒவ்வொரு நாளும், அன்றையும் சேர்த்து, 180 நாள் பின்னோக்கி எண்ண வேண்டும்.

2026 மார்ச் 1 முதல் ஏப்ரல் 30 வரை தங்கினால் 61 நாள். ஜூலை 1 மறுபடி போனால் மீதம் 29தான். ஜூலை 29க்குள் கிளம்பிவிட வேண்டும். அதையே ஆகஸ்ட் 1க்குத் தள்ளிப் பாருங்கள். ஆகஸ்ட் 28 வரும்போது மார்ச் 1 கணக்கிலிருந்து கழிந்துவிடும். பிறகு தினமும் புதிதாக ஒரு நாள் சேர, பழையதில் ஒன்று கழியும். அக்டோபர் 29 வரை, முழு 90 நாளும் தொடர்ந்து தங்கலாம்! வயதானவர்களை அனுப்பும்போது இந்த ஒரு மாதத் தள்ளிவைப்பு பெரிய விஷயம்.

3. ஐரோப்பிய ஆணையத்தின் இணையதளத்தில் இதற்கென்றே ஒரு கணிப்பான் இருக்கிறது. எக்ஸெலில் நீங்கள் போட்ட கணக்கை அதில் சரிபாருங்கள். கைபேசிச் செயலிகளை நான் நம்புவதில்லை. எந்த நாளை எப்படிக் கழித்தது என்பதே தெரியாது.

4. கடைசி நாளில் டிக்கெட் போடாதீர்கள். விமானம் ரத்தானால் சிக்கல். இரண்டு மூன்று நாளாவது மிச்சம் வையுங்கள்.

பின்சேர்க்கை: "லண்டன் போய்த் திரும்பினால் கணக்கு புதிதாகத் தொடங்குமா?" என்று சிலர் கேட்டிருந்தீர்கள். தொடங்காது. பிரிட்டன், அயர்லாந்து, சைப்ரஸில் இருக்கும் நாள்கள் 90-இல் சேராது, அவ்வளவுதான். பழைய நாள்கள் கழியும்வரை குரோஷியாவில் போய்க் காத்திருக்கச் சொல்லும் பழைய பதிவுகளை நம்ப வேண்டாம். 2023 முதல் அதுவும் ஷெங்கன்தான். 2025 அக்டோபர் 12 முதல் எல்லையில் கைரேகையும் முகப்படமும் எடுத்துக் கணினியில் பதியும் முறை வந்துவிட்டது. ஒரு நாள் கூடினாலும் அதில் தெரிந்துவிடும்.

இந்தியக் கடப்பிதழ் என்றால் விசா கட்டாயம். விசாவில் அச்சிட்டிருக்கும் தங்கும் நாள் எண்ணிக்கை 90க்குக் குறைவாக இருந்தால், அதுதான் உங்கள் வரம்பு.