லேசர் பட்டும் என்சைம் பிழைத்த கதை

குளுக்கோஸ் சென்சாருக்காகக் குளுக்கோஸ் ஆக்சிடேஸ் என்சைமை மேப்பிள் (MAPLE) எனும் லேசர் ஆவியாக்கல் முறையில் பிளாட்டினம் எலக்ட்ரோடு மேல் படிய வைத்தேன். என்சைமை நீரில் கரைத்து, திரவ நைட்ரஜனில் உறையவைத்து, வெற்றிடத்தில் அந்தப் பனிக்கட்டி மேல் லேசர் துடிப்புகளைச் செலுத்த வேண்டும். பனி ஆவியாகும்போது என்சைமும் கூடவே கிளம்பி எலக்ட்ரோடில் போய்ப் படியும்.

படலம் பார்க்க நன்றாகவே வந்தது. ஆனால் குளுக்கோஸ் விட்டால் மின்னோட்டம் அசையவே இல்லை. இந்த என்சைம் குளுக்கோஸோடு வினைபுரியும்போது ஹைட்ரஜன் பெராக்சைடு உண்டாகும், எலக்ட்ரோடு உணர்வது அதைத்தான். அதனால் நேரடியாக ஹைட்ரஜன் பெராக்சைடு விட்டுப் பார்த்தேன், மின்னோட்டம் உடனே ஏறியது. அப்படியென்றால் எலக்ட்ரோடு சரி, செத்தது என்சைம்தான்.

நான் பயன்படுத்தியது 248 நானோமீட்டர் புற ஊதா லேசர். தூய பனி அந்த ஒளியைக் கிட்டத்தட்ட உறிஞ்சாது. புரதத்தில் இருக்கும் டிரிப்டோபன், டைரோசின் போன்ற அமினோ அமிலங்கள் உறிஞ்சும். கவசமாக இருக்க வேண்டிய பனி ஒளியை உள்ளே விட்டுவிட, அடி முழுதும் என்சைம் மேல் விழுந்திருக்கிறது. இதை முதலிலேயே யோசித்திருக்க வேண்டும்.

அப்புறம் 2.94 மைக்ரோமீட்டர் எர்பியம்-யாக் எனும் அகச்சிவப்பு லேசருக்கு மாறினேன். அந்த அலைநீளத்தை நீரின் ஆக்சிஜன்-ஹைட்ரஜன் (ஓ-ஹெச்) பிணைப்பே வாங்கிக்கொள்ளும். துடிப்பின் ஆற்றலையும் குறைத்தேன், ஒரே இடத்தில் குழி விழாதபடி பனிக்கட்டியைச் சுழலவிட்டேன். படலம் கரைசலில் கரைந்து போகாமலிருக்க, புரதங்களை ஒன்றோடொன்று பிணைக்கும் குளூட்டரால்டிஹைடு ஆவியில் சிறிது நேரம் வைத்தேன்.

இப்போது ஒவ்வொரு சொட்டு குளுக்கோஸுக்கும் மின்னோட்டம் படிப்படியாக ஏறுகிறது.