மூன்று பஞ்சரும் ஒரே இடத்தில்

உசிலம்பட்டிப் பக்கம் ஒரு கண்மாய்க் கரையில் நாங்கள் நால்வரும் பயிற்சி எடுக்கிறோம். சர்வதேச ஆறு நாள் எண்டூரோவில் ஒருமுறையாவது ஓட்ட வேண்டும் என்பது எங்கள் கனவு. 1913-இல் இங்கிலாந்தில் தொடங்கிய, கரடுமுரடான பாதைகளில் ஓட்டும் மோட்டார் சைக்கிள் போட்டி அது. பழுதானால் ஓட்டுபவரே சரிசெய்ய வேண்டும். அதனால் பயிற்சியிலும் எங்களுக்குள் யாரும் யாருக்கும் கைகொடுப்பதில்லை.

சென்ற மாதம் என் பின்சக்கரம் ஒரே வாரத்தில் மூன்று முறை பஞ்சரானது. ஒட்டுப் போட்டு பத்து கிலோமீட்டர் போவதற்குள் காற்று இறங்கிவிடும். பசையைத்தான் சந்தேகித்தேன். தவறு.

மூன்றாம் முறை, டயரைக் கழற்றுவதற்கு முன் வால்வுக்கு நேராகச் சுண்ணாம்புக் கட்டியால் குறியிட்டேன். அந்தக் குறியில் வால்வைப் பொருத்தி டியூபை டயர்மேல் வைத்தபோது, பழைய ஒட்டுகளும் புதிய ஓட்டையும் விரலகலத்துக்குள் அடங்கின. டயரின் உட்புறம் பருத்தித் துணியை ஓட்டினேன் (வெறும் விரல் கிழிந்துவிடும்). நூல் சிக்கியது. சீமைக்கருவேல முள்ளின் முனை ரப்பருக்குள் ஒடிந்து கிடந்தது! வெளியிலிருந்து பார்த்தால் தெரியவே தெரியாது. உள்ளிருந்து குறடால் பிடுங்கினேன்.

டியூபில் அருகருகே இரண்டு கீறல்கள் இருந்தால் அது பெரும்பாலும் முள் வேலையல்ல; காற்று குறைந்த டயர் கல்லில் மோதியிருக்கும்.

இப்போது என் கருவிப் பையில் சுண்ணாம்புக் கட்டியும் துணியும் நிரந்தரமாக இருக்கின்றன.