வலது காது 8 மீட்டரில் அடைத்த கதை

ஆஸ்திரேலியாவின் கோல்ட் கோஸ்ட் கடலில் மூச்சடக்கி இறங்கி வஞ்சிரம் வேட்டையாடுகிறேன். இந்த முறை நான்கு நாள் கடலுக்குப் போயும் வெறுங்கையோடு திரும்பினேன். 8 மீட்டர் தாண்டினால் வலது காது அடைத்து வலிக்கும், உடனே மேலே வந்துவிடுவேன்.

சளி என்று நினைத்து இரண்டு நாள் ஓய்வெடுத்தேன், பயனில்லை. முகமூடியை மாற்றினேன். காது மருத்துவர் பார்த்து, குறை எதுவும் இல்லை என்றார். ஆழத்தில் காதின் அழுத்தத்தைச் சமன் செய்ய, மூக்கைப் பிடித்து, நெஞ்சிலிருந்து காற்றைத் தள்ளாமல் நாக்கால் காதுக்குத் தள்ளும் ஃப்ரென்செல் முறையைத்தான் முதலிலிருந்தே செய்கிறேன், அதனால் அதிலும் தவறில்லை.

விசித்திரம் என்னவென்றால், பயிற்சிக் கயிற்றைப் பிடித்து இறங்கும்போது 15 மீட்டர் வரை ஒரு தொல்லையும் இல்லை. ஈட்டித் துப்பாக்கி கையில் இருந்தால் மட்டும் அடைக்கும்!

மேலே காவலுக்கு நின்ற கூட்டாளிதான் கவனித்தார். தலைகீழாக இறங்கும்போதே மீனைத் தேடி நான் தலையைப் பின்னால் நிமிர்த்துகிறேன். கழுத்து அப்படி இழுபட்டால் காற்று காதுக்கு ஏறுவது சிரமம். கயிற்றில் கண் நேராக இருப்பதால் இந்தப் பிழை வரவில்லை.

சரி என்று மறுநாள் மோவாயை நெஞ்சோடு ஒடுக்கி, எதிரே தொங்கும் மிதவைக் கயிற்றையே பார்த்தபடி இறங்கினேன். 12 மீட்டரில் உடலைக் கிடையாக்கிய பிறகுதான் மீனைத் தேடினேன். காது அடைக்கவே இல்லை. பெரிய நிம்மதி.