அதிவேகப் பாதைப் பயம் எனக்கு விட்டுப்போன விதம்

கல்லடிப் பாலம், கல்முனை ரோட்டு என்று வருடக்கணக்காகக் கார் ஓட்டுகிறேன். மாடு குறுக்கே வந்தாலும் பதறமாட்டேன். ஆனால் கொழும்புக்குப் போகும்போது குருநாகலில் அதிவேகப் பாதையில் ஏறுவதென்றால் உள்ளங்கை வியர்த்துவிடும். பழைய வீதியாலேயே போய்விடுவேன்.

பயத்தைத் தீர்த்தது மச்சான் சொன்ன ஒரு விசயம்: "ஏறுற இடத்திலயே ஸ்பீட எடு. உள்ளுக்குப் போய் எடுப்பம் எண்டு நினையாத."

சரி என்று ஒரு ஞாயிறு விடியற்காலை, அவனைப் பக்கத்தில் இருத்திக்கொண்டு மீரிகம வரை ஓடினேன். 2022இல் திறந்த பகுதி அது, சுமார் 40 கிலோமீற்றர். நுழைவுப் பாதையிலேயே சிக்னல் போட்டு, வலப்பக்கக் கண்ணாடியைப் பார்த்து, உள்ளே ஓடும் வாகனங்களின் வேகத்துக்கு வந்த பிறகுதான் சேர்ந்தேன். பாதி நடுக்கம் அங்கேயே போய்விட்டது.

அப்புறம் இடது லேனில் 80. எல்லை 100 என்பதற்காக 100இல் ஓடவேண்டியதில்லை. பெரிய பஸ் முந்தும்போது காற்றில் கார் கொஞ்சம் ஆடும்; ஸ்டியரிங்கை வெட்டாமல் தூரத்தைப் பார்த்தபடி பிடித்தால் போதும். மழை என்றால் 60தான்.

வெளியேறும்போது மட்டும் மீற்றரைப் பாருங்கள். கண்ணுக்கு 70கூட ஊர்வதுபோலத் தெரியும்.